புனுகுப்பூனையின் பொடி ரகசியம்

ஒரு காட்டில், பட்டா இல்லாத மரத்தில் குருவிகூடக் குடியேறாத அளவுக்குச் சட்டம் முற்றிப்போன ஒரு காட்டில், கரடி ஒன்று ஈசல் பிடித்துப் பிழைத்துவந்தது. மழைக்குக் காத்திராமல் புற்றுவாயில் பொடி தூவிக் கைதட்டி ஈசலை வரவழைக்கும் முறைக்கு அது காப்புரிமையே வாங்கி வைத்திருந்தது. ஈசல் வந்தால் பொடியின் மகிமை. வராவிட்டால் கைதட்டல் சரியில்லை.

அதே வேலையை உடும்பும் செய்ய ஆரம்பித்தது. கரடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யானை நீதிபதியிடம் வழக்குப் போட்டது.

"என் பொடி வேற, அது பொடி வேற ஐயா," என்றது உடும்பு.

"அப்படின்னா ரெண்டு பொடியிலயும் என்ன இருக்குன்னு சபையில சொல்லணும்," என்றது கரடியின் வக்கீல் காக்கை.

கூட்டத்திலிருந்து புனுகுப்பூனை அலறிக்கொண்டு ஓடிவந்தது. இருவருக்கும் பொடி விற்பது அதுதான். கரடிக்குத் தேக்கிலைப் பொட்டலம், உடும்புக்குப் புரசிலைப் பொட்டலம்.

"மூணாவது ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்றது யானை.

"இவங்க சண்டையில என் தொழில் ரகசியம் சந்திக்கு வந்துட்டா, என் பிள்ளைகுட்டி பட்டினிதான் ஐயா!"

பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி, கூட்டம் வெளியே போகட்டும். வக்கீல்கள் மட்டும் கேட்கலாம்," என்றது யானை.

"ரெண்டு வக்கீலும் காக்கா ஐயா! ஒரு பருக்கை கிடைச்சாலே ஊரைக் கூட்டுறவங்க, இதையா மறைப்பாங்க?"

காக்கைகளாலேயே அதை மறுக்க முடியவில்லை. அவையும் வெளியே பறந்தன. பூனை யானைமேல் ஏறிக் காதில் கிசுகிசுத்தது. அவ்வளவு பெரிய காது, வசதியாகத்தான் இருந்தது.

"புத்து மண்ணுதான் ஐயா. வேற ஒண்ணும் இல்லை."

"அடப்பாவி!" யானை பிளிறத் துதிக்கையைத் தூக்கியது.

"மெதுவா ஐயா. உங்க வீட்டம்மா பலாப்பழம் குடுத்து, மேனி மினுங்கணும்னு வாங்கிட்டுப் போறதும் இதே பொடிதான்."

துதிக்கை இறங்கியது. பிறந்தது முதல் மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்ளும் குலம். அதை விலைக்கு வாங்கியது வெளியே தெரிந்தால் எந்தக் குளத்தில் போய் முகத்தைக் காட்டுவது?

கூட்டம் மறுபடி கூடியது. "இது மிக அபூர்வமான ரகசியம். இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பொடியை ஒப்பிட வழியில்லாததால் வழக்கு தள்ளுபடி," என்றது யானை.

"யானையே வெலவெலத்துப்போன பொடியாம்!" என்று காக்கைகள் காடு முழுக்கக் கரைந்தன. சாயங்காலம் பூனை வீட்டு வாசலில் வரிசை. முதலில் கரடி, அடுத்து உடும்பு. வால்பகுதி நீண்டுபோய், வழியிலிருந்த புற்றைச் சுற்றிக்கொண்டு நின்றது.

நீதி (காதோடு காதாக): தொழில் ரகசியத்தை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுங்கள். அப்படி ஒன்று இல்லாதவர்கள் இன்னும் கவனமாக இருக்கவும்.