எட்டு மீனில் இரண்டைக் காணோம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நான் நலம். உங்கள் அக்கா இப்போது உங்கள் வீட்டில் இருப்பதால், அவள் நலத்தை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். அவள் சொன்னதை மட்டும் கேட்டு என்மேல் பாயாமல், இதை முழுதும் படியுங்கள்.

ஓய்வு பெற்றவன் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதென்று மீன்தொட்டி வாங்கினேன். கடைக்காரர் தொட்டியைக் கொடுத்தார், மீனைக் கொடுக்கவில்லை. "முதல்ல தண்ணி பழகணும் சார். மோட்டாரைப் போட்டு ஒரு மாசம் சும்மா ஓடவிடுங்க" என்றார். தண்ணீர் யாரோடு பழகும்? உள்ளே ஆளே இல்லையே! அப்போதே எனக்குப் பொறி தட்டியது. இருந்தாலும் ஒரு மாதம் வெறும் தண்ணீருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பையில் கட்டி, "ஆறு மீன்" என்று கொடுத்தார். தொட்டியில் விட்டு எண்ணினால் எட்டு. சரக்குக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் மூட்டை எண்ணியவன் நான், ஒரு நாளும் தப்பியதில்லை. எந்த வியாபாரி சும்மா இரண்டு கூடக் கொடுப்பான்? ஏதோ உள்நோக்கம் இருக்கிறதென்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் வந்து, "அடடா, அழகா இருக்கே!" என்றார். இதுவரை என் வீட்டில் எதையும் அவர் அழகென்று சொன்னதில்லை. அன்றிலிருந்து காவலுக்காகத் தொட்டி விளக்கை அணைக்கவே இல்லை. மூன்றே வாரத்தில் பக்கக் கண்ணாடி இரண்டும் பச்சையாகிவிட்டன. உங்கள் அக்கா துணியோடு வந்து, "வெளிச்சத்துக்குப் பாசி புடிச்சிருக்கு, தொடைச்சு விடறேன்" என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து நான் எண்ணினால் ஆறு! இரண்டைக் காணோம். கைரேகை இருக்கும் கண்ணாடியைத் துடைக்க இவளுக்கு ஏன் இத்தனை அவசரம்? "யாருக்குத் தூக்கிக் குடுத்தே? உண்மையைச் சொல்லு" என்று கேட்டுவிட்டேன்.

அவள் துணியை மடித்து வைத்தாள். "தண்ணி பழக ஒரு மாசம் காத்திருந்தீங்க. முப்பது வருஷமா கூட இருக்கேன், என்கிட்ட பழகத் தெரியலையே உங்களுக்கு" என்றாள். பெட்டியோடு கிளம்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, மறைப்பானேன். ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். நயமாகக் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் மன்னிக்கத் தயார்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சந்தேகம் தீராத
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன், எதற்கும் இன்னொரு முறை எண்ணலாமென்று போனேன். பாசியில் சரியாகத் தெரியவில்லை. ஒரு பக்கத்தைத் துடைத்தேன், ஏழு. மறுபக்கத்தையும் துடைத்தேன், எட்டு! மூலைக்குப் போகிற மீன் கண்ணாடியில் இன்னொன்றாகத் தெரிகிறது. உள்ளே விட்ட என் கையும் இரண்டாகத்தான் தெரிந்தது. கடைக்காரர் கொடுத்தது ஆறேதான். ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். தீனி போட எதிர்வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்திருக்கிறேன். ஆறு மீன் என்று சொன்னதற்கு, எண்ணிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். மேலே எழுதியதை அக்காவிடம் காட்டிவிடாதீர்கள். பழகிக்கொள்ள நான் இன்னும் ஒரு மாதம் கேட்டதாக மட்டும் சொல்லுங்கள்.