உத்தரத்தில் தொங்கிய மாணவி

ஒரு காட்டில் ஒரு கரடி குடிமையியல் ஆசிரியராக இருந்தது. அந்தக் கரடி நான்தான். அதற்காக நான் கரடி விடுகிறேன் என்று எண்ண வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் காட்டுக்கும் ஓர் அரசியலமைப்பு உண்டு. அதிலுள்ள உரிமைகளை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவோம். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததில்லை.

அந்த வருடம் நித்திலா என்ற வௌவால் குட்டி எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். பெஞ்சில் உட்கார அவளுக்கு வராது. உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியபடிதான் பாடம் கேட்பாள். தலைமையாசிரியரான காட்டெருமை ஒருநாள் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டார். ஒழுங்காக உட்காரத் தெரிந்த பிறகு வந்தால் போதும் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் பையைக் காலில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பறந்து போனாள். அப்போது நான் முதுகைக் காட்டி நின்று 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

மறுநாள் காலை வகுப்பு காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் தலைமையாசிரியர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அழைத்துப் போனவள் அதே வகுப்பில் படிக்கும் கீரிப்பிள்ளை அஞ்சலை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை உண்டு என்று நான் எழுதிப்போட்டிருந்தேன் அல்லவா? அதனால் முள்ளம்பன்றிப் பையன் மட்டும் உடம்பெல்லாம் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததா?" என்றார்.

"என் பாடம் இதுவரைக்கும் யாருக்கும் புரிஞ்சதே இல்லை சார். மார்க்கைப் பார்த்தாலே தெரியுமே" என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார். அதுதான் வலித்தது.

ஆனால் அஞ்சலை எழுந்து, எங்கள் சார்தான் சொல்லிக்கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்றும் கேட்டாள். காட்டெருமை அலமாரியைக் கிளறிப் பார்த்தார். அப்படி ஒரு விதி கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பெருமூச்சு விட்டுவிட்டு, நித்திலாவை அழைத்து வர ஆள் அனுப்பினார்.

அவள் வந்து உத்தரத்தில் தொங்கியதும் வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லாம் என் பாடத்தின் பலன் என்று திடீரென எனக்குத் தோன்றிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"நான் சொல்லலாமா சார்?" என்றாள் நித்திலா. "கருத்துச் சுதந்திரம் இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. நீங்க பாடம் நடத்தினா தூக்கம் வருது. நாங்க பகல்ல தூங்குற இனம், அதனாலதான்னு நினைச்சேன். விசாரிச்சா எல்லாருக்குமே வருதாம்."

மறுப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன். என் கை மட்டும்தான் மேலே இருந்தது.

கையை இறக்கி, அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி, 'குடிமக்களின் கடமைகள்' என்ற அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.

நீதி: உரிமைகளைப் பரீட்சைக்கு மட்டும் கற்பிக்கவும். புரியும்படி கற்பித்தால் முதலில் அகப்படுவது வாத்தியார்தான்.