மாமரத்துக் காளானும் சிவகிரிப் பால்காய்ப்பும்

கார்த்திகை பிறந்ததும் ஊரில் பாதிப் பேர் மாலை போட்டார்கள். நான் சபதம் போட்டேன். இனிமேல் இந்த வீட்டுக்குள் டப்பாவில் அடைத்த காளான் நுழையக் கூடாது. மரத்தில் முளைத்ததை நானே தேடி, நானே இனம் கண்டு, நானே கொண்டுவருவேன்.

என் மனைவி தங்கபுஷ்பம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல பிரிட்ஜ்ல இருக்க மல்லி எது, புதினா எதுன்னு இனங்கண்டு கொண்டாங்க. அப்புறமா காட்டுக்குப் போலாம்."

குத்துக்கல்வலசையில் என் சொல்லுக்கு உள்ள மரியாதை இவ்வளவுதான். தென்காசியில் சொந்தமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிற மனுஷன் நான். ஆனால் மழை வரும் என்று நான் சொன்னால் இவள் துணியைக் காயப் போடுவாள்.

உங்களிடம் மறைப்பானேன். காளான் மேல் எனக்கு ஆசை உண்டு. அதைவிடப் பெரிய ஆசை வருகிற ஞாயிற்றுக்கிழமை மேல். அன்றைக்கு சிவகிரியில் மச்சான் பாண்டியராஜ் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. மச்சான் வீட்டு விசேஷத்தில் வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை தெரியுமா? போன தடவை மூன்று பந்திக்கும் சாம்பார் வாளி என் கையில். அதே ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு பெலிக்ஸ் செங்கோட்டைப் பக்கம் பரோட்டாவும் கோழியும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒரு ஞாயிறாவது எனக்கென்று வேண்டாமா?

திட்டம் இதுதான். சனிக்கிழமை நல்ல காளானாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டியது. ஞாயிறு காலை தின்ன வேண்டியது. அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டியது. தின்பது நல்ல காளான், நடிப்பது விஷக் காளானுக்கு. உயிருக்கும் சேதமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேதமில்லை.

சனிக்கிழமை காலையில் பழைய குற்றாலம் போகிற வழியில், பெலிக்ஸின் மைத்துனர் தோப்புக்குள் இறங்கினோம். ராத்திரியெல்லாம் மழை. அருவியில் குளிக்கத் தடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாய்ந்த மாமரம் ஒன்று அங்கே மக்கிக் கிடந்தது.

"வே ஆதித்தன், இன்னா பாரும், பெருசா ஒண்ணு," என்றார் பெலிக்ஸ்.

"அது தட்டுக் காளான். கட்டை மாதிரி இருக்கும். கடிச்சா பல்லுதான் போவும்."

"இது? கருப்பா, வளவளன்னு, காது மாதிரி?"

"மரக்காதுன்னு பேரு. எங்க வீட்டுல நான் சொல்லுததுக்கு ஒரு காதும் கெடையாது. இங்கன மரத்துக்கு எத்தன பாரும்."

மரத்தின் அடிப்பக்கம் குனிந்தேன். அடுக்கடுக்காக, சாம்பல் கலந்த வெள்ளையில், விசிறி விசிறியாக நின்றது. மூன்று மாதமாக வாட்ஸ்அப் குழுவில் படித்ததெல்லாம் வாயில் வந்தது.

"பாரும் வே. காம்பு ஓரத்துல. அடியில உள்ள மடிப்பு காம்பு வரைக்கும் எறங்குது. வளையம் கெடையாது. அடி மூட்டுல கிண்ணம் கெடையாது. சிப்பிக்காளான்."

"நெசமாவா? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

"அதான் நீரு பரோட்டாவோட நிக்கிறீரு."

ஒரு பை நிறைய எடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை ஆரம்பித்தேன். காளான் குடையைக் கவிழ்த்து வைத்தால் அதன் வித்துத் தூள் கீழே இறங்கும். சிப்பிக்காளானுக்கு அது வெளுப்பாக இறங்க வேண்டும். வெளுப்பு தெரிய அடியில் கருப்பு வேண்டும். வீட்டில் நல்ல கருப்பாக எனக்குக் கிடைத்தது தோசைக்கல்தான்.

"தோசைக்கல்லுல என்ன செய்யுதிய?"

"வித்து எறங்குது. தொடாத. சாயங்காலம் வரை ஆகும்."

"அப்போ மத்தியானத்துக்கு உங்க தலையிலயா தோசை ஊத்த?"

அறிவியலில் இதெல்லாம் சகஜம். அடுத்த சோதனைக்கு ஒரு காளானை எடுத்துக்கொண்டு போர்வைக்குள் போனேன். கால் மணி நேரம் கழித்துப் போர்வை விலகியது.

"பட்டப்பகல்ல போர்வைக்குள்ள என்ன சோலி?"

"இதே மாதிரி மரத்துல மொளைக்கிற விஷக் காளான் ஒண்ணு இருக்கு புஷ்பம். இருட்டுல மினுங்கும். அதான் பாக்கேன். இருட்டு கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்."

"எனக்குப் பழகப் பத்தொம்பது வருஷம் ஆச்சு."

சாயங்காலம் தோசைக்கல்லில் வெளுப்பாக விசிறி விசிறியாகக் கோலம் விழுந்திருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நல்ல காளான்தானா? உறுதியாச் சொல்லுதியளா?"

"நான் பாத்துச் சொன்னா சொன்னதுதான்."

பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தட்டு வந்தது. தோசை, பக்கத்தில் மிளகு தட்டிப் போட்ட வறுவல். ஒரு வாய் வைத்தேன். கண் தானாக மூடிக்கொண்டது.

"மரத்துல மொளைச்ச காளான் ருசியே தனி புஷ்பம். டப்பாக் காளானுக்கு இந்த வாசம் வருமா?"

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

"வையி. நீ?"

"பால்காய்ப்பு முடியுத வரை எனக்கு விரதம்."

ஏழு மணிக்கு விழுந்தேன். கூடத்தில் விழுந்தால் தரை சில்லென்று இருக்கும் என்பதால் கட்டிலில் விழுந்தேன்.

"என்ன செய்யுது?"

"வயிறு. முறுக்குது. காளான்தான் போலருக்கு."

"நல்ல காளான்னு சொன்னியளே?"

"தப்பாப் பாத்துட்டேன். விஷக் காளான். நீ சிவகிரிக்குப் போயிட்டு வா. என்னப் பத்திக் கவலப்படாத. பெலிக்ஸ் பாத்துக்கிடுவாரு."

தலையில் கை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போச்சு. பாதியை நேத்தே அண்ணன்கிட்ட குடுத்துவிட்டுட்டேனே."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன்? சிவகிரி அண்ணன்தான். மளிகை எடுக்க தென்காசிக்கு வந்தாவ, ராத்திரி நீங்க கடை அடைக்கப் போயிருந்தப்ப இங்கயும் எட்டிப் பாத்தாவ. எங்க வீட்டுக்காரரு பாத்துச் சொன்னா தப்பாது, பிள்ளைகளுக்குச் செஞ்சு குடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"போனைப் போடு."

"விசேஷ வீட்டுல போன் எடுப்பாவளா? மத்தியானம் செய்யுததா சொன்னாவ. விஷக் காளான்னா நேர்ல போய்த் தடுக்கணும். கெளம்புங்க."

"ஒருவேள நல்ல காளானா இருந்தா?"

"அப்போ உங்களுக்கு வயித்துவலி கெடையாது. அப்பவும் கெளம்புங்க."

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அவள் மடக்கிவிட்டாளே என்பதற்காக நான் எழுந்திருக்கவில்லை. எங்க வீட்டுக்காரரு பாத்துச் சொன்னா தப்பாது. என்னைப் பற்றி, இவள் வாயால், அதுவும் அவள் அண்ணனிடம். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு பரோட்டா என்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன. எழுந்து நின்றேன்.

"புஷ்பம், அது சுத்தமான சிப்பிக்காளான். பிள்ளைக தாராளமாத் திங்கட்டும்."

"வயித்துவலி?"

"நடிப்பு. ஆனா காளான் நெசம்."

"சரி, குளிச்சிட்டு வாங்க," என்றாள். திட்டவில்லை. அதுவும் எனக்குப் பெருமையாக இருந்தது. வேட்டி கட்டும்போதே பெலிக்ஸுக்கு, நான் வரவில்லை என்று செய்தி அனுப்பினேன்.

பஸ் கடையநல்லூர் தாண்டியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

"நான் பாத்துச் சொன்ன காளான்னு சொன்னதும் மச்சான் என்ன சொன்னாவ?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கென்ன கிறுக்கா, நீங்க பாத்துச் சொன்ன காளானை எங்க அண்ணன் பிள்ளைகளுக்குக் குடுக்க? அது மொத்தமும் நேத்தே தென்னமரத்து மூட்டுக்கு உரமாப் போயாச்சு. நீங்க காலையில கண்ண மூடித் தின்னது மீல் மேக்கர்."