ஓடிபி அக்காவின் உதவித்தொகை

திண்டுக்கல் மாவட்டத்திலேயே ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே ஆள் ஓடிபி அக்காதான். மற்றவர்கள் எல்லாம், நான் உட்பட, டீக்கடைக்கு நேர்ந்துவிட்ட ஜென்மங்கள்.

அப்போது நான் ரெட்டியார்சத்திரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். அக்காவுக்குக் கொஞ்சம் கத்தரியும் மல்லிகையும் போட்ட நிலம். விவசாயிகள் கணக்கில் அரசாங்கம் போடும் உதவித்தொகை, ஆதாரைச் சரிபார்க்காததால் அவருக்கு நின்றுபோயிருந்தது. விவரங்களை ஏற்றினேன். அவர் போனுக்கு ஓடிபி வந்தது.

"நம்பரைச் சொல்லுங்கக்கா."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே தம்பி."

"நான்தானக்கா கேக்குறேன்."

"யாருக்கும்னா நீயும்தான்."

தானே அடிப்பதாகச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் திருப்பினார். உள்ளே வந்த கூரியர்காரர், ஏதோ அஞ்சலிக் கூட்டம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அக்கா ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் பிடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பினேன். மறுபடி காலாவதி.

"என்னடா அவசரம் இந்த கவர்மெண்டுக்கு? செத்த நேரம் பொறுக்கக் கூடாதா?"

அன்றைக்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்து விசைப்பலகை பழகினார். மறுநாள் காலை, நேரம் முடிவதற்குள் ஒற்றை விரலால் அடித்து முடித்தார். சுவரைப் பார்த்தபடியே எல்லோரும் கைதட்டினோம். உதவித்தொகை திரும்ப வர ஆரம்பித்தது, பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது.

ஒருநாள் சென்டர் பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் கருப்பையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு போன் வந்தது. விவசாய ஆபீசிலிருந்து பேசுவதாகவும், உதவித்தொகை நிற்கப் போவதாகவும், வந்திருக்கும் நம்பரை உடனே சொல்ல வேண்டும் என்றும் ஒருவன் மிரட்டினான். மாடு விற்ற பணம் முழுவதும் அண்ணனுக்கு உதவித்தொகை வரும் அதே கணக்கில்தான் கிடந்தது. பயத்தில் "நாலு... ஏழு..." என்று ஆரம்பித்துவிட்டார்.

அக்கா போனைப் பிடுங்கினார்.

"ஆபீசரு தம்பியா? நல்லவேளை கெடைச்சீக. என் சொட்டுநீர் மானியம் என்ன ஆச்சு?"

அவன் ஏதோ சொன்னான்.

"அது வேற டிப்பார்ட்மெண்டா? அப்ப அந்த ஆளுகிட்ட போனைக் குடுங்க. நான் இருக்கேன்."

அவன் வைத்துவிட்டான். அக்கா அதே நம்பருக்குத் திரும்ப அடித்தார். குழாய் அடைப்பு, மோட்டார் ரிப்பேர், கத்தரியில் காய்ப்புழு என்று குறை மேல் குறையாகச் சொன்னார். கடைசியில் அவன், "அம்மா, நான் ஆபீசரே இல்லம்மா, விட்டுருங்க" என்று கெஞ்சியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அது எனக்கு மொதல்லயே தெரியும் அப்பு" என்று போனை வைத்தார். கருப்பையா அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழுகாதீக. போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்றார் அக்கா. விற்றது போக அண்ணனிடம் ஒரு மாடு மிச்சம் இருந்தது.

போன வருஷம் டெங்குக் காய்ச்சலில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். யார் சொன்னார்களோ, அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். ஊசி போட வந்த நர்ஸை நிறுத்தி, அது என்ன மருந்து, எதற்கு, யார் போடச் சொன்னது என்று விசாரித்த பிறகுதான் என் பக்கம் விட்டார். அப்புறம் ஸ்டூலை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு மத்தியானம்தான்.