ஹெக்டருக்கு நெஞ்சளவு எடுத்தது

அன்புள்ள கிளெனிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி மெர்வின் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் உன் முழங்காலும் உன் மாமரமும் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, எனக்குப் பக்கவாதம் ஒன்றும் வரவில்லை. காலமெல்லாம் ஆடு பிடித்த கைக்குள் பேனா அடங்க மாட்டேன் என்கிறது. வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. பொறுத்துக்கொண்டு படி. நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் ரோஸ்லின், இன்னும் மெதுவாக எழுதச் சொல்கிறாள். இதற்கு மேல் மெதுவாகப் போனால் நின்றுவிடுவேன். ஆனாலும் அக்கா, உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்து ஜன்னலோரம் போய்த் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இனி வரப்போவது முழுவதும் கெட்ட செய்தி. நடுவில் எங்காவது நான் சந்தோஷமாக இருப்பது போலத் தெரிந்தால், அதற்குக் காரணம் செய்தி அல்ல, எழுதுவதுதான்.

விஷயம் இதுதான். உன் வீட்டுப் பின்பக்க அறையை எனக்காகக் காலி செய்து வை. என் மகள் நெரீடாவுக்கு ஹோபார்ட் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை வந்திருக்கிறது. அவளுடைய கம்பளி நூல் வியாபாரம் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடப்பது உனக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் நம் பண்ணையில் வைக்கும் பின்னல் முகாம் நன்றாக நடந்தால் இங்கேயே இருப்பேன், இல்லாவிட்டால் பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன் என்று போன மாதம் சொன்னாள். முகாம் நேற்று முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். இப்போது அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து பேச்சு ஓயவில்லை. வேலைக்கு வருகிறேன் என்று சொல்ல இவ்வளவு நேரமா ஆகும்? இரு, கதவருகே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றும் கேட்கவில்லை. சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது.

தப்பு என்னுடையதுதான். அகதா என்ற கிழட்டுக் கறுப்பு ஆட்டை உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோது உன் தொப்பியைத் தின்றதே, அதுதான். கோடையில் செத்துப்போனது. அதன் கடைசி ரோமத்தை நெரீடா ஒரு பழைய போர்வைக்குள் சுற்றி, ஆடு கத்தரிக்கும் கொட்டகை அலமாரியில் வைத்திருந்தாள். கறுப்பு ஆடு என்று பேர்தான், ரோமம் சாயமே போடாத காபிக்கொட்டை நிறம். அவளிடம் நூல் வாங்கும் பெண்களுக்கெல்லாம் அகதாவைப் படத்தில் பார்த்துப் பழக்கம், ஏதோ சித்தி மாதிரி அதை நலம் விசாரிப்பார்கள். முகாமுக்கு வருகிறவர்கள் அந்த ரோமத்தைத் தாங்களே அலசி, நூற்று, ஆளுக்கு ஒரு சிட்டம் நூல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லித்தான் நெரீடா அத்தனை பேரையும் வரவழைத்திருந்தாள். இது எனக்கும் தெரியும். ஆனால் முகாமுக்கு முந்தின வாரம் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கியபோது என் கைக்குத் தெரியவில்லை. நம் அப்பா நமக்கு என்ன பழக்கினார்? வெள்ளை ஆடுகளையெல்லாம் முடித்த பிறகுதான் கறுப்பு ஆடு, அதன் ரோமம் கொட்டகைக்குள் ஒரு நிமிஷம் தங்கக் கூடாது, ஒரு கறுப்பு இழை வெள்ளை மூட்டைக்குள் போனால் மூட்டையே வீண். போர்வையைப் பிரித்தேன், கறுப்பு ரோமம் கிடந்தது. கை அதுபாட்டுக்கு அள்ளிக்கொண்டு போய்ப் பாதியை டஃபின் கூண்டிலும் பாதியை ஜிப்பின் கூண்டிலும் திணித்துவிட்டது. நாய்களுக்குக் குளிருக்கு இதமாக இருக்கும் என்று எனக்குப் பெருமை வேறு.

பெண்கள் வந்து இறங்கிய அன்று மாலை, நாளைக்கு அகதாவின் ரோமத்தைப் பிரிக்கலாம் என்று நெரீடா சாப்பாட்டு மேஜையில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. பூசணி சூப்பை அப்படியே வைத்தேன். எழுந்து நாய்க்கூண்டுக்கு ஓடினேன். ஈர நாய் ஒரு வாரம் படுத்த ரோமம் எப்படி இருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம். எலும்பு, முள், ஜிப் எங்கிருந்தோ தூக்கி வந்த யாரோ ஒருவரின் செருப்பு, எல்லாம் அதற்குள் இருந்தன. சலவை அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்து, எல்லாவற்றையும் உள்ளே போட்டு, துடுப்பால் நன்றாகக் கிளறினேன். ஆட்டிலிருந்து ரோமத்தை எடுப்பது எனக்குத் தெரியும். எடுத்த பிறகு அதை என்ன செய்வார்கள் என்று நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெந்நீரில் கிளறினால் ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பலகையாகிவிடுமாம். பலகைதான் ஆனது. தட்டினால் சத்தம் வந்தது. நாய்களிடமே திருப்பிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு இரண்டும் வெளியே வந்து படுத்துக்கொண்டன.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்கா, முகாம் கெட்டுப்போனால் நெரீடா கிளம்பிவிடுவாளே என்று எனக்கு உட்கார முடியவில்லை. இரவெல்லாம் கூண்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். விருந்தினர் குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தேன். இழுத்தால் வராத கதவுகளை இழைத்தேன். விறகை உடைத்துத் தீர்த்தேன். அப்போதுதான் அகதாவின் மகன் ஹெக்டர் கண்ணில் பட்டான். அதே காபிக்கொட்டை நிறம். வசந்தத்தில் கத்தரித்த பிறகு வளர்ந்த ரோமம் விரல் நீளத்துக்கு இருந்தது. பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில் அவனைக் கொட்டகைக்குள் இழுத்து, முதுகுவலியையும் பார்க்காமல், அப்பாவின் கைக்கத்தரியால் ஒரே விரிப்பாக எடுத்துவிட்டேன். ஒரு வெட்டுக்காயம் இல்லை. உண்மையைச் சொன்னால் ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது. ரோமத்தைப் போர்வையில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலப் போய்ப் பெண்களோடு காலை உணவுக்கு உட்கார்ந்தேன். அத்தனையும் யோசித்தவன் ஹெக்டரை எங்கே அடைப்பது என்று யோசிக்கவில்லை.

வெளியே பனியும் மழையும் கலந்து சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறையின் பெரிய ஜன்னலை ஒட்டி ஹெக்டர் மெதுவாக நடந்து போனான். தோல் இளஞ்சிவப்பு. ஜன்னல் நடுவில் நின்று, உள்ளே எங்களைப் பார்த்துத் தும்மினான்.

“அப்பா,” என்றாள் நெரீடா. “ஹெக்டருக்கு என்ன ஆச்சு?”

“அரிப்பா இருக்குன்னு நெனச்சேன்.”

“ஜூலை மாசக் குளிர்லயா?”

பெரில் என்று ஒரு அம்மாள், பல்லாரட்டில் ஆஸ்பத்திரி வார்டையே ஆட்டிவைத்து ஓய்வுபெற்றவள், கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தக் குளிர்ல ஒரு உயிர உரிச்சு அனுப்பிட்டு, ரெண்டு கோட்டு போட்டுக்கிட்டு டோஸ்ட் சாப்பிடுறாரு பாருங்க மனுஷன்,” என்றாள். பேசும்போதும் நிற்காத பின்னல் ஊசிகள் எல்லாம் நின்றுவிட்டன. அந்த அமைதியில் யாரும் பொய் சொல்ல முடியாது. நாய், அண்டா, பலகை எல்லாவற்றையும் சொன்னேன். நெரீடா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க, அறையை விட்டுப் போனாள். அழப் போகிறாள், அழுதுவிட்டு ஹோபார்ட்டுக்குத் தொலைபேசப் போகிறாள் என்று நினைத்தேன். அளவு நாடாவோடு திரும்பி வந்தாள்.

“போய் ஹெக்டரைப் பிடிங்க,” என்றாள். “நெஞ்சளவு எடுக்கணும்.”

அதற்கப்புறம் அங்கே பின்னல் வகுப்பு நடக்கவில்லை, தையல்கடைதான் நடந்தது. ஒருத்தி முதுகுக்கு, ஒருத்தி வயிற்றுக்கு, கழுத்துக்கு ஒருத்தி. கால்களை யார் பின்னுவது என்று பேசிக்கொள்ளாததால் ஐந்து கால்கள் வந்தன. அவரவர் கொண்டுவந்த நூல் மெல்லியதாக இருந்ததால், நெரீடா யூகலிப்டஸ் இலையில் சாயம் போட்டு வைத்திருந்த தடித்த நூலெல்லாம் ஒரே நாளில் கடையிலிருந்து விற்றுப்போய்விட்டது. ஹெக்டரின் ரோமத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசும்போது பெரில் என்னைப் பக்கத்தில் விடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். எனக்கு அது ஆடு கத்தரிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நேற்று காலை ஹெக்டருக்குச் சட்டை போட்டோம். மஞ்சளும் செங்கல் நிறமும், கழுத்து கொஞ்சம் இறுக்கம். மந்தைக்குள் விட்டோம். மற்ற ஆடுகளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஏதோ மிருகம் வருகிறது என்று எல்லாம் மிரண்டு, வேலியைச் சாய்த்துக்கொண்டு சாலைக்கு ஓடின. தனியாக விடாதீர்கள் என்று கத்திக்கொண்டு ஹெக்டர் பின்னால். பெண்களை விமானத்துக்கு ஏற்றிப்போகக் கிளம்பி நின்ற பேருந்துக்கு முன்னால் மந்தை, பின்னால் ஓடை. பெண்கள் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு ஆடு விரட்டினார்கள். பெரில் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கைகொடுத்துத் தூக்கினேன். “உங்களுக்கு வீட்டுல சும்மா இருக்கவே தெரியாதா மெர்வ்?” என்று கேட்டுவிட்டு ஏறிப் போனாள். விமானம் போய்விட்டதா என்று தெரியவில்லை, கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்படியாக முகாம் முடிந்தது. இனி இங்கே யார் வருவார்கள்? நெரீடா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், இன்னும் சிரிக்கிறாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. அவளுக்கு நல்லது என்றால் நான் தடுக்க மாட்டேன். உன் ஊர் வெயிலில் நான் உருகிவிடுவேன் என்பது வேறு விஷயம். அறைக்கு ஒரு காற்றாடியும் மேஜையும் இருந்தால் போதும். மேஜை அவசியம், எழுத வேண்டும். உனக்கு நீண்ட ஆயுளும், படியேறும்போது வலிக்காத முழங்காலும் கிடைக்கட்டும். பக்கத்து வீட்டு டெஸ்மண்டை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
மெர்வின் (நானே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு: அறையைக் காலி செய்யாதே. செய்துவிட்டாய் என்றால் எல்லாவற்றையும் திருப்பி வை. பிழை பார்க்கச் சொல்லி நெரீடாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத் தோள் குலுங்கியதும் இப்படித்தானாம். காலையிலிருந்து பேசியது அந்தப் பெண்களோடு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அடுத்த குளிர்காலத்துக்கு இடம் பிடிக்கிறார்களாம், ஹெக்டரை அவர்கள் கண்ணெதிரே கத்தரிக்க வேண்டுமாம். சரி, ஹோபார்ட்டுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். வர மாட்டேன் என்று முகாம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டாளாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்குக் கால் பரபரக்கிறதாம். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா அந்தக் குழாயச் சரி பண்ணியிருப்பீங்களா?” என்றாள்.

அடுத்த வாரமும் இதே மேஜையிலிருந்துதான் உனக்கு எழுதுவேன். சாய்ந்த வேலியை நிறுத்திவிட்டு உட்காருகிறேன்.