சத்தம் போடாத பச்சை

தலைச்சோலை
மார்கழி 24

கரடியூரில் இருக்கும் மரியாதைக்குரிய விஜயகுமார் மச்சான் அவர்களுக்கு, தலைச்சோலை அங்கப்பன், காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் இரண்டு கோழிகளும் சௌக்கியம். அங்கே நீங்கள், அக்கா, ஆடுகள், பன்னிரண்டு நாளாக என்மேல் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை ராசாத்தி எல்லோரும் சௌக்கியமாக இருக்கச் சேர்வராயன் சாமியை வேண்டுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் ஃபோனுக்குப் போட்டால் ராசாத்தி எடுக்கிறாள். நான் "அலோ" என்றதும் வைத்துவிடுகிறாள். நேற்று மட்டும் ஆறு தடவை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்ல வேண்டும், அதாவது என் பக்கம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. முப்பத்தொரு வருஷம் அவளும் நானும் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வருஷம் தவறாமல் எஸ்டேட்டே ஆள் அனுப்பி எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சளை அடித்துவிட்டுப் போகும். அவளிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது சொந்தமாக ஒரு வீடு கட்டியாகிவிட்டது, என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். தோட்டத்துக்குப் போய் ஒரு சில்வர் ஓக் இலையைப் பறித்து வந்து, அதன் சாம்பல் பூத்த அடிப்பக்கத்தைத் திருப்பிப் பிடித்து, "இந்த அடிப்பக்கத்துப் பச்சைங்க, சத்தம் போடாத பச்சை" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் மச்சான். அதையும் நான் கெடுத்தேன் என்கிறாள். கெடுத்தது நானில்லை, பனி.

பெயிண்டர் ஸ்தனிஸ்லாஸ் நிறமும் நம்பரும் போட்ட ஷேட் கார்டைக் கொண்டுவந்து நம்பர் சொல்லச் சொன்னார். நான், "எனக்கு நம்பர் எதுக்குங்க, இருபதடி தூரத்திலிருந்து பழுத்த காப்பிப் பழம் எது, பழுக்காதது எதுன்னு சொல்ற கண்ணுங்க இது" என்றேன். சரி என்று அவர் முன்பக்கச் சுவரில் மூன்று பச்சையைக் கையகலத்துக்கு அடித்துக் காட்டினார். வீட்டை யாரும் சுவரில் மூக்கை வைத்துப் பார்ப்பதில்லை, கேட்டில் நின்றுதான் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. நானும் ராசாத்தியும் கையில் இலையோடு கேட்டில் போய் நின்றோம். அன்றைக்குப் பார்த்து நல்ல பனிமூட்டம். முதல் பச்சை கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டாவது ஈர சிமென்ட் மாதிரி இருந்தது. மூன்றாவது மட்டும் கையிலிருந்த இலையின் அடிப்பக்கம் மாதிரியே அச்சாக இருந்தது. "ரைட்டருங்க, பனி விலகட்டுங்க, வெயில்ல ஒருக்கா பாத்துப்போட்டு அடிக்கலாமுங்க, ஈரத்துல காயறதும் கஷ்டமுங்க" என்று ஸ்தனிஸ்லாஸ் தலைதலையாக அடித்துக்கொண்டார். மார்கழியில் ஏற்காட்டு மலையில் வெயிலுக்குக் காத்திருந்தால் மாசியில்தான் பெயிண்ட் அடிக்க முடியும் என்று நான் அவர் வாயை அடைத்துவிட்டேன். ராசாத்தியும் அன்றைக்குத் தலையாட்டினாள். ஆனால் இதை நான் எழுதியதாக அவளிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

ஐந்து நாள் பனிக்குள்ளேயே அடித்து முடித்தோம். அந்த ஐந்து நாளும் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம். ராசாத்தி தினமும் கேட்டில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து எனக்கு இரண்டாவது காப்பி கொடுத்தாள். ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு வெயில் வந்தது. அது கிளிப்பச்சை மச்சான். ஒரு கிளி இல்லை, ஒரு கூட்டம். செம்மநத்தம் போகும் பஸ் எங்கள் வீட்டுக்கு முன்னால் மெதுவாகி, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். அது போனதும் சேலத்துக்காரர்கள் ஒரு காரில் வந்து இறங்கி, சுவரோடு நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, "ஏனுங்க, இங்க ரூம் காலியா இருக்குங்களா?" என்று ராசாத்தியிடமே கேட்டார்கள். "இருக்குதுங்க, நாந்தான் இப்பக் கெளம்பறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன். பையோடு வெளியே வந்தாள். "முப்பத்தொரு வருசம் எஸ்டேட்காரங்க அடிச்ச மஞ்சள்ல இருந்தேன், இனி நீங்க அடிச்ச பச்சையில இருக்கோணுமாக்கும்" என்றாள். அடுத்த பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியாமல் நானே வெள்ளையைக் கலந்து ஒரு பக்கச் சுவரில் அடித்தேன். பக்கத்து வீட்டுக் கலா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, ஆஸ்பத்திரி ஏதாச்சும் கட்டறீங்களா?" என்றது. ரோஷம் வந்து கொஞ்சம் கறுப்பைக் கலந்தேன். மறுநாள் அதே கலா வந்து, "சொவுத்துல பாசி புடிச்சுப்போச்சுங்கண்ணா, எங்கியோ தண்ணி ஒழுகுதாட்ட இருக்குது" என்று பரிதாபப்பட்டது. கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்தனிஸ்லாஸிடம் போனேன். மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்து, காலையில் ஒருதரம், உச்சிப்பொழுதில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், புதிதாகப் பறித்த இலையைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்துப் பார்த்து, நேற்றோடு அடித்து முடித்தோம். ஒட்டிய இலை எங்கே இருக்கிறது என்று சுவரில் தேட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பொருத்தம்.

மிச்சமிருந்த கிளிப்பச்சையைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல், அரை வாளி இருக்கும், போன வாரம் உங்களுக்கு பஸ்ஸில் போட்டுவிட்டேன். ஆட்டுக் கொட்டகைக்கு அடித்துக்கொள்ளுங்கள். ஆடுகள் தழை என்று நினைத்து நக்கினால் அதற்கு நான் பொறுப்பில்லை. எப்படியும் அதை என் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மச்சான், ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன். முப்பத்துநாலு வருஷம் காப்பியோடு கிடந்தவனுக்கு ஒரு டம்ளர் காப்பி போடத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். புதுச் சுவரை நான் ஒருத்தனே பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. "நல்லாருக்குதுங்க" என்று அவள் சொன்னால்தான் அது நிறம். தயவுசெய்து உங்கள் தங்கைக்கு எடுத்துச் சொல்லி, நீங்களே கூட வந்து விட்டுவிட்டுப் போகவும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து வரவும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் காப்பிக்கும் ஆடுகளுக்கும் ஒரு குறையும் வராமல் குடும்பம் தழைத்திருக்க வேண்டும் என்று கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மாப்பிள்ளை
ரைட்டர் அங்கப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டப் போகும்போது வெளியே நல்ல பனி. கலா வீட்டு நாய் குரைத்தது. "ஏனுங்க! நம்ம ஊடு எங்கீங்க?" என்று பனிக்குள்ளிருந்து ராசாத்தியின் குரல். பஸ்ஸை விட்டு இறங்கி, வீடு கண்ணுக்குத் தெரியாமல், கலா வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நிற்கிறாள். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நேற்று ஆறு தடவை ஃபோன் வந்ததிலேயே சுவர் மாறியிருக்கும் என்று தெரிந்துகொண்டாளாம். சுவருக்கு முன்னால் நின்று, தன் பையிலிருந்து ஒரு சில்வர் ஓக் இலையை எடுத்தாள். கோபத்திலும் கொண்டுவந்திருக்கிறாள் பாருங்கள். திருப்பி வைத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு இடத்தில் நகர்த்தி வைத்தாள். பிறகு, "இதுதானுங்க, நொம்ப நல்லாருக்குது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள், "ஆனா பனியில ஊடே காணமே! கதவுக்கு மட்டும் அந்தக் கிளிப்பச்சைய அடிச்சுப்போடுங்க, அது எந்தப் பனியிலயும் தெரியும்" என்கிறாள்.

ஆகவே மச்சான், தங்கையை அனுப்ப வேண்டாம். வாளியை அனுப்பவும். ஏற்கெனவே கொட்டகைக்கு அடித்துத் தீர்த்துவிட்டிருந்தால், வாளி மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரை மட்டும் எழுதி அனுப்பவும். நான் குறித்து வைக்கவில்லை.