விமானி போட்ட கும்பிடு

விருந்தாளியைத் தூங்கவிடாமல் உபசரிப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அதிலும் முதலிடம் எனக்குத்தான். ஒருவருடைய பிழைப்பையே உபசரித்துக் கெடுத்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எழுமலைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். விமானத்திலிருந்து கோபுரத்துக்குப் பூத்தூவ வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் விமானத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, பொறுப்பை என்னிடம் விட்டார்கள். (நானும் நம்பினேன்.) வாடகைக்குப் பேசிய சின்ன விமானம் முந்தின நாள் மதியம் மதுரையில் வந்து இறங்கியது. அதை ஓட்டிவந்த சேகருக்கு முப்பது வயதிருக்கும். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"சார், ஒரு வாரமா தேர்தலுக்குத் தலைவர்களை ஏத்திக்கிட்டுப் பறந்துட்டிருந்தேன். சரியாத் தூங்கல. சாப்பாடுகூட வேணாம், ஒரு பாய் போதும்" என்றார்.

"அந்தத் தம்பி கண்ணைப் பாருங்க, கோவப்பழமாட்டம் இருக்கு. படுக்க விடுங்க" என்றாள் என் மனைவி.

"வானத்துல எதுத்தாப்ல லாரியா வருது? நாளைக்குத் தூங்கிக்கலாம்" என்றேன்.

வீடு தேடி வந்த விமானியைப் படுக்கவைத்து வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிச் சொந்தக்காரர் வீடு வீடாகக் காட்டினேன். "மாப்ள, பைலட்டு நம்ம வீட்ல கை நனைக்காமப் போனா எப்படி?" என்று எல்லா வீட்டிலும் இலை போட்டார்கள். பிறகு ஊர்க் கோயிலில் மாலை, பொன்னாடை, விடிய விடிய நாதஸ்வரம். அவர் நாற்காலியில் சரியும்போதெல்லாம் யாராவது காபியோடு எழுப்பினார்கள்.

காலையில் விமான நிலையத்தில் சேகர் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "சார், கொஞ்சம் கண்ணசந்துட்டுக் கிளம்பலாமா?"

"நல்ல நேரம் போயிரும் தம்பி."

மல்லிகைக் கூடைகளோடு நான் பின்சீட்டில் ஏறினேன். கோயிலை நெருங்கியதும் தாழப் பறந்தோம். கலசம் பளபளத்தது. அப்போது சேகர் கோபுரத்தை நோக்கித் தலை தாழ்த்தினார். என்ன பக்தி என்று உருகிப்போனேன். அவரே கும்பிடும்போது நான் சும்மா இருக்கலாமா? கண்ணை மூடிக் கைகூப்பினேன். திறந்தபோது முன்கண்ணாடி முழுக்கத் தென்னந்தோப்பு.

தோளைப் பிடித்து உலுக்கினேன். விழித்தவர் இழுத்த இழுப்பில் விமானம் மட்டைகளை உரசித் தோப்பைத் தாண்டி, கண்மாய்ச் சகதியில் போய்ச் செருகியது. எனக்கு மூக்கில் மல்லிகை ஏறியதைத் தவிர ஒன்றுமில்லை. சேகருக்குக் கால் முறிந்துவிட்டது. ("கோபுரத்துக்குத் தூவச் சொன்னா கண்மாய்க்குத் தூவிட்டாய்ங்கண்ணே" என்று கரையில் ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.)

விசாரணைக்கு வந்த அதிகாரி, ஆஸ்பத்திரியில் சேகரின் கட்டிலருகே வைத்தே என்னைக் கேட்டார். "முந்தின நாள் இவருக்கு ஓய்வு கிடைச்சுதா?"

கஞ்சி கொண்டுவந்த என் மனைவியும் பக்கத்தில் நின்றாள். குழுவின் மானம், கல்லூரியில் என் மரியாதை எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது.

"நல்லாத் தூங்கினார் சார். நானே ஃபேன் போட்டுவிட்டேன்."

"இல்ல சார். தூங்கணும்னு கேட்டேன். விடல" என்றார் சேகர், என்னைப் பார்க்காமல்.

நரைத்த பேராசிரியரின் சொல்தான் எடுபட்டது. தவறு முழுக்க விமானியுடையது என்று முடிவாகி, சேகரின் உரிமம் பறிபோனது. கால் கூடிய பிறகும் அவர் பறக்கவில்லை. பறக்க மாட்டேன் என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கலாமே என்று பல வருடம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

இன்றும் காரில் போகும்போது வழியில் கோயிலைக் கண்டு நான் கைகூப்பினால், "மாமா கும்பிடுறாரு, டிரைவர் முழிச்சிருக்காரான்னு பாருங்கப்பா" என்பார் மருமகன். வண்டியே சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். அவர்களுக்குத் தெரிந்த கதை கண்மாயோடு முடிந்துவிடுகிறது.

என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.